அக்கா வீட்டுத் தேத்தண்ணி

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண்பிள்ளைகள் கலியாணம் முடித்து அவரவர் பெண்சாதி வீட்டுக்குப் போய்விடுவார்கள். வளவைப் பெண்பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். எங்கள் அம்மாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள். மூத்தவளுக்கு ரோட்டுப் பக்கம், பழைய வீட்டோடு. எனக்கு ஆற்றுப் பக்கம், புது வீட்டோடு. கடலோடு கலக்கும் வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். ஆற்றோரக் காணி என்றால் கேட்கிறவர்களுக்கு ஆசையாக இருக்கும். காற்று வரும், இறால் மலிவாக வரும், படம் பிடிக்க வெளிநாட்டுக்காரரும் வருவார்கள். நல்ல தண்ணிதான் வராது.

கிணறு அக்காவின் பங்கில் நின்றுவிட்டது. நானும் குடிவந்த கையோடு கொங்கிறீட் வளையம் இறக்கி ஒரு கிணறு கட்டுவித்தேன். வெட்டியவர் முதல் வாளித் தண்ணியை வாயில் வைத்துப் பார்த்து, துப்பினார். என் சீதனத்தின் பெறுமதி எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

சவர்த்தண்ணியோடு குடும்பம் நடத்தியவர்களுக்குத்தான் அதன் கொடுமை தெரியும். சவர்க்காரம் நுரைக்காது. பருப்பு அவியாது. தலைமயிர் தும்புக்கட்டை மாதிரி நிற்கும். தேத்தண்ணியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எவ்வளவு சீனி போட்டாலும் கடைசி மிடறில் உப்பு வந்து நாக்கில் குந்திக்கொள்ளும்.

ஏன் இப்படி என்று பிறகு விளங்கிக்கொண்டேன். எங்கள் ஊர் மணல். மாரியில் பெய்கிற மழை மணலுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உப்புத்தண்ணிக்கு மேலே, கறியில் எண்ணெய் மிதப்பதுபோல மிதந்து நிற்கிறது. நிலத்தின் நடுவில் அந்த நல்ல தண்ணி தடிப்பு. ஆற்றுக்குக் கிட்ட வரவர மெல்லிசு. இரண்டு கூரையிலும் ஒரே மழைதான் பெய்கிறது. அக்காவின் காணியில் அது தங்குகிறது, என் காணிக்கு வந்ததும் ஆற்றோடு போய்விடுகிறது. அம்மாவுக்குத்தான் மூத்தவள் செல்லம் என்று நினைத்திருந்தேன், மழைக்கும் அப்படித்தான் போல.

வேலியில் ஒரு கடப்பு விட்டிருந்தோம். குடிக்கவும் சோறாக்கவும் அதற்குள்ளால் போய் அக்காவின் கிணற்றில் குடம் நிறைத்து வருவேன். அக்கா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. “என்னத்துக்குகா அரைக்குடம்? நிறைய அள்ளிட்டுப் போ தங்கச்சி” என்பாள். ஒருநாளாவது அவள் முகம் சுளித்திருந்தால் எனக்குச் சண்டை பிடிக்க ஒரு சாட்டுக் கிடைத்திருக்கும். அவள் அதையும் தரவில்லை. நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, வயிற்றெரிச்சலோடு திரும்பி வருவேன். தேத்தண்ணிக்கென்று இன்னொரு குடம் தூக்க ரோசம் விடாது. அதற்கு என் கிணற்றுத் தண்ணிதான்.

என் கணவர் மேசன். பின்னேரம் வேலை முடிந்து வரும்போது அக்காவின் வீட்டைத் தாண்டித்தான் என் வீட்டுக்கு வரவேண்டும். தாண்டமாட்டார். அக்காவின் குசினி வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு அங்கேயே தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் வருவார். தப்பாக நினைக்க அதில் எதுவும் இல்லை. அத்தான் கட்டாருக்கு வேலைக்குப் போய் வருசக்கணக்காகிறது, மகன் கொழும்பில், அக்கா தனி. இவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், என் அடுப்பில் கேத்தல் கொதித்துக்கொண்டிருக்க, என் புருசன் இன்னொருத்தியின் குசினியில் ஊதி ஊதிக் குடிக்கிற சத்தம் வேலிக்கு இந்தப் பக்கம் கேட்பது எனக்குப் பொறுக்கவில்லை.

“ஏன், எங்கட தேத்தண்ணி ஆகாதா?” என்று கேட்டால், “சவர் புள்ள. வாயில வைக்கேலா” என்பார். அது பொய்யுமில்லை. அதனால்தான் கோபம் முழுவதும் தண்ணிமேல் போனது.

பிறகு எங்கள் ஒழுங்கைக்குக் குழாய்த் தண்ணி வந்தது. ஊரில் முதலில் விண்ணப்பித்தவர்களில் நானும் ஒருத்தி. அக்கா எடுக்கவில்லை. “கிணறு இரிக்கக்குள்ள எனக்கெதுக்குகா?” என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மேற்கே, ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் படுவான்கரைக்கும் அப்பால், காட்டோரக் குளத்தில் விழுந்த மழை, இத்தனை வயலையும் பாலத்தையும் தாண்டி, ரோட்டோரத்தில் இருக்கும் அக்காவின் வாசலையும் தாண்டி, என் குசினிக்குள் வந்து கொட்டுகிறது! முதல்நாள் குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிறைந்து வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அன்று பின்னேரம் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்தார். “ஆசுப்பத்திரி மணக்குது” என்றார். மறுநாள் சைக்கிள் பழைய இடத்தில் நின்றது.

நான் விடவில்லை. குழாய்த் தண்ணியைப் பானையில் பிடித்து இரவு முழுக்கத் திறந்து வைத்தால் அந்த மருந்து மணம் போய்விடும் என்று பக்கத்து ஒழுங்கையில் ஒருத்தி சொன்னாள். செய்தேன், போனது. தேயிலையையும் மாற்றினேன், இஞ்சி தட்டிப் போட்டேன். சீட்டுக்காசு கொண்டு வந்த பெண் இரண்டாம் கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தாள். அவரும் வீட்டில் குடித்துப் பார்த்துவிட்டு, “ம், பரவாயில்ல” என்றார். பரவாயில்லையாம்! சைக்கிள் மட்டும் இடம் மாறவில்லை. கேட்டால், “அந்தக் கிணத்துத் தண்ணி மாதிரி வராது புள்ள” என்பார். என்ன செய்ய? பணம் கட்டிக் குழாய் எடுக்கலாம், கிணறு எடுக்க முடியுமா?

போன கோடையில் அடித்த கச்சான் காற்று பொல்லாதது. மழை கண்ணிலும் இல்லை. சுற்றிவரப் புது வீடுகள், வீட்டுக்கு வீடு மோட்டர், எல்லாரும் அந்த மணலுக்குள் நின்ற தண்ணியைத்தான் உறிஞ்சினார்கள். நான் குழாயோடு இருந்ததால் அக்காவின் கிணற்றுப் பக்கம் மாதக்கணக்கில் போகவில்லை. ஒருநாள் காலை, வாங்கிய இறாலில் பாதியைக் கொடுக்கப் போனேன். அக்கா கையோடு தேத்தண்ணி நீட்டினாள்.

சவர். லேசாகச் சவர் இல்லை, என் கிணற்றை மிஞ்சிய சவர்.

அக்காவைப் பார்த்தேன். தன் கோப்பையை நிம்மதியாகக் குடித்துக்கொண்டிருந்தாள். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதால் அவள் நாக்குக்குப் பிடிபடவில்லை. “சீனி காணுமா?” என்று கேட்டாள். போதும் என்றேன். வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது எனக்கு. ஒளிப்பானேன், துள்ளிக் குதிக்காத குறைதான். இத்தனை காலம் என்னைக் குடத்தோடு நடக்கவிட்ட அந்தக் கிணற்றுக்குள்ளும் ஆறு வந்துவிட்டது. மிச்சத்தை அவளுக்குத் தெரியாமல் வாழையடியில் ஊற்றினேன்.

கடப்புக்குள் குனிந்து வரும்போதுதான் மண்டையில் அடித்தது. நேற்றும் சைக்கிள் அங்கேதான் நின்றது. அதற்கு முந்திய நாளும்.

பின்னேரம் அவர் மீசையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“அக்காட்டக் குடிச்சீங்களா?”

“ஓம்.”

“எப்படி?”

“நல்லாத்தான் இரிக்கு.”

“நான் காலையில குடிச்சன்” என்றேன்.

சேர்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு சொன்னார்: “சவர்தான் புள்ள. கச்சான் துவங்கினதிலிருந்து சவர். அவ தனிய இரிக்கிற மனிசி. பின்னேரத்தில ஒராள் வந்து குடிச்சா அவக்கு ஒரு சந்தோசம். எப்படிச் சொல்ற?”

“எனக்குச் சொன்னீங்கதானே? கலியாணம் முடிச்ச நாளிலிருந்து சொன்னீங்க.”

“நீ என்ட பொஞ்சாதி” என்றார். “உனக்கிட்ட என்ன ஒளிப்பு?”

பெரிய மரியாதை செய்துவிட்டவர் போலத் துவாயை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். குழாய்த் தண்ணி அவர் தலையில் விழுகிற சத்தம் கேட்டது. கிணற்றுக்கு நான் பட்ட பொறாமை அன்றோடு தீர்ந்தது, மழை வந்தால் அது மறுகா நல்ல தண்ணி ஆகட்டும், ஆகாமல் போகட்டும். அவர் சொன்னதும் சரியாக இருக்கலாம், பெண்சாதியிடம் ஒளிக்கத் தேவையில்லைதான். ஆனால் உப்பை விழுங்கிவிட்டு “நல்லாத்தான் இரிக்கு” என்று எனக்காகவும் ஒருநாள் அவர் பொய் சொல்லியிருக்கலாம்.