வெயிலில் உட்கார்ந்திருந்த கிளாரா

எங்கள் வீட்டு மாடியறையில் ஜெர்மனியிலிருந்து வந்த கிளாரா குடியிருந்தாள். பனியன் கம்பெனித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாமல் இங்கிலீஷ் சொல்லித்தர வந்தவள். சித்திரை மாதத்து மத்தியானத்திலும் தலையில் ஒரு துணிகூடப் போடாமல் நடந்தே போவாள். மோர் கொடுத்தால் வேண்டாம் என்பாள். "ஊருக்கே பாடம் சொல்ல வந்தவளுக்கு நெழல்ல நடக்கத் தெரியலீங்க" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

ஒருநாள் நான் ஸ்கூட்டரில் வரும்போது, சாயப்பட்டறைச் சுவரோரம் முகம் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தாள். வெயில் காய்கிறாளாக்கும் என்று இளக்காரமாகப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

சிறிது நேரத்தில் பக்கத்து வீட்டுச் செல்வி போன் செய்தாள். "அக்கா, உங்க ஊட்டுப் பொண்ணு ரோட்டோரம் மயங்கிக் கெடக்குதுங்க. ஒடம்பு கொதிக்குது, வேர்வையே இல்லீங்க."

ஈரத்துணி போர்த்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். இன்னும் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர்.

மறுநாள் கண் விழித்தவள், தெரிந்த கொஞ்சம் தமிழில் சொன்னாள்: "அக்கா, ஸ்கூட்டர் பார்த்தேன். கை தூக்கினேன்."

அந்தக் கையை நான் பார்த்தேன். வணக்கம் வைக்கிறாள் என்று நினைத்து, அதற்கும் சிரித்தேன். அவளிடம் அதைச் சொல்லும் தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை.

இப்போது யார் வெயிலில் உட்கார்ந்திருந்தாலும் வண்டியை நிறுத்தி, இறங்கிப்போய்க் கேட்கிறேன்.