அக்காவின் கலியாணமும் என் எடிட்டரும்

அன்று காலை என் லப்டொப்பைத் தூக்கி வாழைத்தோட்டத்துக்குள் எறிந்திருப்பேன். அம்மா பக்கத்தில் நின்றதால் அது தப்பியது.

வெளிநாட்டு நிறுவனமொன்றின் நேர்முகத்தேர்வு அன்று மத்தியானம், வீடியோ வழியாக. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, நான் எழுதிய புரோகிராம் கோட்டைத் திறந்து திருத்திக் காட்ட வேண்டும். வேலை கிடைத்தால் யாழ்ப்பாணத்து நீர்வேலி வீட்டில் இருந்தே செய்யலாம். கிடைக்காவிட்டால் கொழும்பில் ஓர் அலுவலகத்தில் சேர்வதாகச் சொல்லியாயிற்று. அக்கா கலியாணம் கட்டிக் கனடாவுக்குப் போய்விட்டாள். நானும் போனால் அம்மா தனி. அம்மாவோ, "கொழும்பு என்ன கனடாவே? போ பிள்ளை, நான் இருப்பன்" என்று வீரம் பேசிக்கொண்டு திரிந்தார்.

கோட் எழுதும் எடிட்டரோ, ஒரு பைலைத் திறப்பதற்குள் தேத்தண்ணி போட்டுக் குடித்துவிடலாம். அதில் கூடுதலாகப் போட்டிருந்த எக்ஸ்டென்சன்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். எடிட்டரையே அழித்துத் திரும்பப் போட்டேன். ஒன்றுக்கும் மசியவில்லை.

பக்கத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்திருக்கும் தோழியை அழைத்தேன். ஸ்கூட்டியில் பறந்து வந்தாள். ஒரேயொரு பைலைப் பிரதி எடுத்து, வேறிடத்தில் வைத்துத் திறந்தாள். கண் மூடித் திறப்பதற்குள் திறந்தது.

"எடிட்டர் பாவமடி. நீ உதுகளை எங்கை வைச்சிருக்கிறாய்?"

சொல்ல வெட்கமாக இருந்தது. அக்காவின் கலியாணப் படங்கள் இருக்கும் போல்டருக்குள் வைத்திருந்தேன். அதற்குள் போடுவதெல்லாம் அத்தான் கனடாவில் எடுத்துத் தந்த இணையச் சேமிப்புக்குத் தானாகப் போய்விடும். கரண்ட் போய் லப்டொப் பழுதானாலும் என் கோட் பத்திரமாக இருக்கும், அதுவும் அத்தான் செலவில் என்று கெட்டித்தனமாக நினைத்திருந்தேன். போதாததற்கு எடிட்டரிலும் அந்தப் பெரிய போல்டரையே திறந்து வைத்திருந்தேன். அது ஒவ்வொரு முறையும் பொன்னுருக்கலில் தொடங்கி, தாலிகட்டு, நாலாம் சடங்கு, பந்தியில் வாயைப் பிளந்துகொண்டிருக்கும் பெரியப்பா என்று எல்லாரையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் என் வேலைக்கு வந்திருக்கிறது.

தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா பதறியடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"பிள்ளையள், படத்திலை கை வைச்சுப்போடாதேங்கோ!"

"இல்லை அன்ரி, படம் அப்பிடியே இருக்கும். இவளின்ரை சாமானைத்தான் வெளியாலை எடுக்கிறம்."

கோட்டைத் தனி போல்டருக்கு மாற்றி, அதை மட்டும் எடிட்டரில் திறந்தோம். ஒரு பைல் திறந்தது. இன்னொன்று, அதுவும் உடனே. நாங்கள் போட்ட கூச்சலில் முற்றத்தில் நின்ற கோழிகள் சிதறி ஓடின. அவ்வளவு சந்தோசம்.

தேர்வில் அவர்கள் கேட்ட பைலெல்லாம் கேட்ட கையோடு வந்தது. பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தி ஓடவிட்டேன். பின்னேரமே வேலை எனக்குத்தான் என்று மின்னஞ்சல் வந்துவிட்டது.

குசினிக்கு ஓடினேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். சம்பளம் எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை.

"அப்ப, நீ கொழும்புக்குப் போகேல்லையோ?"

"இல்லை அம்மா, இஞ்சைதான்."

"இஞ்சையெண்டால், இந்த வீட்டிலையோ?"

"ஓம் அம்மா."

துருவலையை விட்டு எழும்பி, தேங்காய்ப்பூ ஒட்டிய கையோடு என்னைக் கட்டிப்பிடித்தார்.

"நீயும் போயிடுவாய் எண்டு எனக்கு எத்தினை நாளா நித்திரை இல்லை, தெரியுமோ?"