லேப்டாப்பில் என் பெயர் பாப்பா

லேப்டாப்பைத் திறந்ததும் இரண்டு பெயர்கள் தெரிந்தன. மேலே ‘அரவிந்த்’. கீழே ‘பாப்பா’.

அரவிந்த் என் அண்ணன். வீட்டில் நான் வாய் திறந்து பேசும் ஒரே ஆள். பாப்பா நான்தான்.

ரோஜாப் பண்ணையில் பூக்கட்டிய சம்பளத்தில் ஓசூரில் வாங்கிய பழைய லேப்டாப் இது. விண்டோஸ் நகரவே இல்லை. கூட வேலை பார்க்கும் நஸ்ரீன், விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ள லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ் கொடுத்தாள். அதை இன்ஸ்டால் செய்வதுதான் பள்ளியை விட்ட பிறகு நானாகக் கற்றுக்கொண்ட முதல் விஷயம்.

நேற்று இன்ஸ்டால் செய்யும்போது, பெயர் கேட்கும் பக்கத்தில் அண்ணன் வந்து உட்கார்ந்தான். “நீ போய் டீ போடு பாப்பா, மீதிய நான் பாத்துக்கறேன்.”

நம்பிப் போனேன்.

இன்று தமிழ் டைப்பிங் போடப் போனால், அரவிந்தின் பாஸ்வேர்டைக் கேட்கிறது. முதலில் பெயர் போட்டவர் அனுமதித்தால்தான் எதையும் ஏற்ற முடியுமாம்.

“பாஸ்வேர்ட் சொல்லுண்ணா.”

“உனக்கு எதுக்கு? வேணும்னா எங்கிட்ட கேளு, போட்டுத் தர்றேன்.”

“லேப்டாப் என்னுதுண்ணா.”

“உன்னுதுதான், யாரு இல்லேன்னா? பொட்டப்புள்ள அதுல என்ன பண்றேன்னு ஒருத்தராவது பாக்கணும்ல?”

நஸ்ரீனுக்கு போன் செய்தேன். சிரித்தாள். “உன் வண்டிக்கு அவங்கிட்ட சாவியா? பென்டிரைவ் இன்னும் உங்கிட்டதானடி இருக்கு?”

திரும்பச் சொருகினேன். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், பரவாயில்லையா என்று கேட்டது. அண்ணன் ஏற்றி வைத்த சினிமாக்களும் உள்ளேதான் இருந்தன. சரி என்று அழுத்தினேன்.

பெயர் கேட்கும் பக்கம் வந்தது. உள்ளறையிலிருந்து அண்ணன், “பாப்பா, டீ” என்றான்.

‘சங்கீதா’ என்று அடித்து, பாஸ்வேர்டும் போட்டு முடித்த பிறகுதான் அடுப்பைப் பற்ற வைத்தேன்.