அவன் நீட்டிய இடது கை

நாலைந்து வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆவணி மாத ஞாயிற்றுக்கிழமை, திருவள்ளூரில் நடந்த தடகளப் போட்டியில் நடந்தது இது. நான் கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு கம்பெனியில் வெல்டர். எங்கள் ஊரில் ஒரு தடகள கிளப் உண்டு. கிளப் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஏரியை ஒட்டிய ஒரு பொட்டல், அதில் சுண்ணாம்புக் கோடு, ஷிஃப்ட் முடிந்து வந்து ஓடும் நாங்கள், அவ்வளவுதான். பாதிப் பேர் வெறுங்காலோடுதான் ஓடுவோம்.

ஆனால் நாலு பேர் ஓடும் தொடர் ஓட்டத்தில் எங்களை அசைக்க ஆளில்லை. ஸ்பைக்ஸ் ஷூ போட்டு வரும் காலேஜ் பையன்கள்கூட எங்கள் பனியனைப் பார்த்தால் கலங்கிப்போவார்கள். அதற்குக் காரணம் வேகம் இல்லை, பேட்டன் என்கிற அந்தக் குட்டைக் குச்சி ஒருவனிடமிருந்து அடுத்தவனுக்குக் கைமாறுகிற விதம். எங்கள் கிளப்பில் ஒருவனுக்கு ஒரு கைதான். இடது கையில் வாங்குகிறவன் கடைசிவரை இடது கையில்தான் வாங்குவான். பின்னால் வருகிறவன் 'கை' என்று கத்துவான். முன்னால் இருப்பவன் திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்ட வேண்டும். கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போதும், கேன்டீன் வரிசையிலும்கூட இதைச் செய்து பார்ப்போம். பார்க்கிறவர்கள் பைத்தியம் என்று சிரிப்பார்கள்.

"நீ யோசிக்கறதுக்குள்ள கை போயிடணும்டா. யோசிச்சினு நின்னா கப்பை வேற எவனாவது தூக்கினு போயிடுவான்" என்பார் கிளப்பை நடத்தும் அண்ணன். அத்திப்பட்டில் காண்ட்ராக்ட் வேலை பார்த்துக்கொண்டே எங்களைப் பழக்கியவர் அவர்.

நான் முதல் ஆள். என்னிடம் வாங்குகிறவன் என் நண்பன், இடது கைக்காரன். வருஷக்கணக்கில் அந்தக் கையில் நான்தான் பேட்டனை வைத்திருக்கிறேன்.

அந்த வருடம் பொங்கல் கழிந்த கையோடு, அவன் வேலை பார்த்த பட்டறையில் பிரஸ் மெஷின் அவன் இடது கை விரல்களை வாங்கிக்கொண்டது. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. ஒப்பந்தத் தொழிலாளிதானே, ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டிவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் கைக்குழந்தை. வேலை கேட்டுப் போன இடமெல்லாம் கையைப் பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

அப்போதுதான் அண்ணன் ஒரு செய்தியோடு வந்தார். தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனி தன் அணிக்கு ஓட்டக்காரர்களைத் தேடுகிறது, திருவள்ளூரில் ஜெயிக்கிற நாலு பேருக்கும் நிரந்தர வேலை. உடனே அவனைத்தான் போய்க் கூப்பிட்டோம்.

"என்ன வெச்சினு இன்னாத்துக்குடா பேஜாரு? நல்லா இருக்கறவனா பாத்து இட்டுனு போங்க" என்றான்.

"காலு நல்லாத்தானே கீது" என்றார் அண்ணன். மறுநாள் சாயங்காலம் அவன் பொட்டலுக்கு வந்துவிட்டான்.

முதல் ஆளாக ஓட வேண்டுமென்றால் இரண்டு கையையும் தரையில் ஊன்றிக் கிளம்ப வேண்டும், அவனால் முடியாது. அதனால் மூன்றாவது ஆளாக்கினோம். எங்கள் முறைப்படி இரண்டாவது ஆள் இடது கையிலும் மூன்றாவது ஆள் வலது கையிலும் வாங்குவார்கள். அவனுக்குக் கொடுப்பது நானாகவே இருக்கட்டும் என்று நானும் இரண்டாவது இடத்துக்கு மாறினேன். பயிற்சியில் ஒரு தடவைகூடத் தவறவில்லை. அவன் பழையபடி எங்களைக் கிண்டலடிக்க ஆரம்பித்தான். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

போட்டியன்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவன் மனைவியும் வந்திருந்தாள். நான் ஓடி முடிக்கும்போது நாங்கள்தான் முன்னால். சுற்றிலும் ஒரே கூச்சல். அவனை நெருங்கி, 'கை' என்று கத்தினேன்.

வந்தது இடது கை.

நாலு விரலும் இல்லாத அந்த உள்ளங்கை, எத்தனையோ வருஷமாக நீண்ட அதே இடத்துக்கு, கொஞ்சமும் தயங்காமல் வந்து நின்றது. என் கையும் பழகின வேலையைத்தான் செய்தது. பேட்டனை அதில் வைத்தேன். பிடிக்க விரல் இல்லை, கீழே விழுந்து உருண்டது. ஓடி எடுத்து அவன் வலது கையில் திணித்தேன். அவன் உயிரைக் கொடுத்து ஓடினான். ஆனாலும் கடைசியாகத்தான் வந்தோம். தூரத்தில் நின்ற அவன் மனைவிக்கு என்ன நடந்தது என்று தெரியவில்லை, கைதட்டிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் சொல்லிக்கொடுத்ததை அவன் அட்சரம் பிசகாமல் செய்திருந்தான், அவர்தான் என்ன சொல்வார்? அவன் தன் இடது கையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"வெரல் இல்லன்னு எனக்குத் தெரியும்டா மச்சான். அந்தக் கைக்குத்தான் இன்னும் யாரும் சொல்லல."

வேலை வேறு நாலு பேருக்குப் போனது. அவன் அதன்பிறகு மைதானத்துக்கு வரவில்லை. அத்திப்பட்டை ஒட்டிய வள்ளூரில் ஒரு குடோனில் வாட்ச்மேனாக இருக்கிறான். பார்த்தால் பேசுவான், டீ வாங்கித் தருவான். ஓட்டத்தைப் பற்றி நானும் கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை. அண்ணன் இப்போது புதுப் பையன்களுக்கு இரண்டு கையிலும் வாங்கக் கற்றுக்கொடுக்கிறார். கப்புகள் குறைந்துவிட்டன, அவர் கவலைப்படுவதாகத் தெரியவில்லை.

எங்கள் பக்கம் விரல் போனவர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களைக் காட்டி, "அதான் புண்ணு ஆறிடுச்சே, இனிமே இன்னா" என்று யாராவது சொல்லும்போது என்னால் தலையாட்ட முடிவதில்லை. அடிபட்டது ஒரு நாள்தான் என்று நாம் நினைக்கிறோம், ஆனால் எதையாவது பிடிக்க அவன் அந்தக் கையை நீட்டும் ஒவ்வொரு தடவையும் அது அவனுக்குப் புதிதாக நடக்கிறது.