சகலைக்கு ஒரே இழுப்பு, எனக்குப் பதினொன்று

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். இருந்தாலும் முனிர்காவிலும் அதைச் சுற்றியுள்ள அரசாங்கக் குடியிருப்புகளிலும் ஒரு மரம் விழுந்தால் முதலில் யாரைத் தேடி வருவார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். என்னைத்தான். தொண்ணூறுகளில் டெல்லியில் மரம் அறுக்கும் மிஷின் வைத்திருந்த தமிழன் நான் ஒருவன்தான். இன்னொருவன் இருந்திருந்தால் அது என் காதுக்கு வராமல் போயிருக்காது.

முனிர்காவில் எனக்கு ஜெனரேட்டர் ரிப்பேர் கடை. ஒரு வெளிநாட்டுத் தூதரகத்தில் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது, உடைந்த ஜெனரேட்டருக்காகப் போனேன். அதோடு ஒட்டிக்கொண்டு இந்த மிஷின் வந்தது. ஏலத்துக்கு வந்த மற்றவர்கள் அது என்னவென்றே தெரியாமல் காலால் தள்ளினார்கள். நான் தூக்கி, ஸ்டார்ட் செய்யும் கயிற்றை மெதுவாக இழுத்துப் பார்த்தேன். உள்ளே பிஸ்டன் என் கையைத் தடுத்தது. இதற்கு உயிர் இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஒரு வாரத்தில் ஓட வைத்தேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

டெல்லியில் மே மாதம் ஆந்தி அடிக்கும். வானம் செங்கல் நிறத்துக்கு மாறும், கால் மணி நேரம் புழுதிக் காற்று, அவ்வளவுதான். காற்று நின்றதும் ஒவ்வொரு தெருவிலும் ஒரு வேப்ப மரம் யாருடைய கார் மேலாவது படுத்திருக்கும். நான் மிஷினைத் தோளில் வைத்துக்கொண்டு போவேன். வழக்கமாக என்னைப் பார்த்துத் தலைகூட அசைக்காத ஆபீசர்கள், "வாங்க வாங்க" என்று கேட்டைத் திறப்பார்கள். ஒரு ஆபீசர் தன் கையாலேயே எனக்குக் காபி ஆற்றிக் கொடுத்தார். அந்த டம்ளரைப் பிடித்திருந்தபோது ஒருவரைத்தான் நினைத்துக்கொண்டேன். என் சகலையை.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை புருஷன். பாலிடெக்னிக் படித்தவர், மத்திய சர்க்கார் உத்தியோகம், துவாரகாவில் சொசைட்டி என்று சொல்லும் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஃபிளாட், சொந்தக் கார். சேலத்தில் மாமனார் வீட்டுக்கு இரண்டு குடும்பமும் போனால் அவருக்கு மெத்தை போட்ட நாற்காலி. நான் தரையில் உட்கார்ந்து அவர்கள் வீட்டு மிக்ஸியைப் பிரித்துக்கொண்டிருப்பேன். நான் சரி செய்த மிக்ஸியில் சட்னி அரைத்து, அந்தச் சட்னியை முதலில் அவர் இலையில் வைப்பார்கள். "சின்ன மாப்பிள்ளைக்குக் காரம் ஆகாது, பாத்து" என்று மாமியார் குரல் கொடுப்பார். எனக்குக் காரம் ஆகுமா ஆகாதா என்று இருபது வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

அவரிடம் இல்லாதது என் மிஷின் ஒன்றுதான். அதுவும் ஒரு நாள் வந்துவிட்டது.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். சகலை முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு, துவாரகாவில் சொசைட்டிகளின் தோட்டத்தைப் பராமரிக்கும் வேலையை எடுக்க ஆரம்பித்திருந்தார். அவர் மகளுக்குக் காதுகுத்து. சாப்பாடு முடிந்ததும், "அண்ணே, ஒரு நிமிஷம்" என்று என்னைப் பால்கனிக்குக் கூட்டிப் போனார். சிங்கப்பூரிலிருந்து அவர் தம்பி கொண்டு வந்த அட்டைப் பெட்டி. உள்ளே புத்தம் புது மிஷின், ஆரஞ்சு நிறத்தில், கண்ணாடித் தாள் கூடப் பிரிக்காமல். என்னுடையதில் பாதி எடை. கைப்பிடிக்கு ரப்பர் உறை. சங்கிலியின் பல் ஒவ்வொன்றும் வெள்ளரி விதை போல் மினுங்கியது.

தூக்கிப் பார்த்தவன், கை சுட்டது போல் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

"எப்படிண்ணே இருக்கு?"

"இருக்கு. பிளாஸ்டிக் ஜாஸ்தி" என்றேன்.

"இதுக்கு என்னண்ணே ஊத்தணும்?"

இந்த மாதிரி மிஷினுக்குப் பெட்ரோலோடு ஆயில் கலக்க வேண்டும். வெறும் பெட்ரோல் ஊற்றினால் பிஸ்டனுக்கு வழுவழுப்பு கிடைக்காமல் சூட்டில் இறுகிக்கொள்ளும். பழைய ஸ்கூட்டர் ஓட்டும் யாருக்கும் தெரிந்த விஷயம். அப்போது டெல்லி பெட்ரோல் பங்குகளில் ஸ்கூட்டருக்கென்று ஆயில் கலந்த பெட்ரோலைத் தனிக் குழாயில் விட்டார்கள். கார் வைத்திருந்த சகலை அந்தக் குழாய் பக்கம் போனதே இல்லை.

ஆயில் என்ற சொல் நாக்கு வரை வந்தது. உறவுக்காரர்கள் நாலு பேர் பால்கனிக் கதவருகே நின்று அந்த ஆரஞ்சு நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னேன்: "பெட்ரோல்தான். பின்ன மண்ணெண்ணெயா ஊத்துவாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். சகலையும் சிரித்தார். நான் விளையாட்டாகச் சொன்னதாகவே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். டிப்ளமா படித்தவர், பெட்டிக்குள் புத்தகம் இருக்கிறது, படித்துக்கொள்ள மாட்டாரா?

அடுத்த ஆந்திக்கு முன்னால் என் மிஷின் படுத்துவிட்டது. கார்புரேட்டருக்குள் பெட்ரோலை உறிஞ்சித் தள்ள ஒரு ரப்பர் ஜவ்வு உண்டு. அப்பளத்தை விட மெல்லியது. அது விறைத்து ஓரத்தில் கிழிந்திருந்தது. சைக்கிள் டியூபை அதே அளவுக்கு வெட்டிப் போட்டேன். பெட்ரோல் பட்டதும் ஊறி பூரி போல் உப்பியது. சரி, மெதுவாகத் தேடிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அப்போதுதான் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சகலை குடியிருக்கும் சொசைட்டியின் வாசலை அடைத்துக்கொண்டு பெரிய யூகலிப்டஸ் மரம் விழுந்தது. சொசைட்டி செக்ரட்டரி நம் ஊர்ப் பக்கத்துக்காரர். கடைக்குப் போன் செய்தார்.

"மிஷின்காரரே, ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணிக்கு வாங்க. உங்க சகலையும் அவரு மிஷினோட வராரு. யாரு வேலை சுத்தமா இருக்கோ, வருஷம் பூரா நம்ம மரமெல்லாம் அவங்க கைல."

என் மிஷின் ரிப்பேர் என்று சொல்ல வாய் வருமா எனக்கு? "எட்டு எதுக்கு, ஏழே முக்காலுக்கே இருப்பேன்" என்றேன்.

கையில் இருந்தது சனிக்கிழமை ஒரு நாள். காஷ்மீரி கேட்டில் மோட்டார் சாமான் விற்கும் கடைகளில் ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் கிழிந்த ஜவ்வை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "தம்பி, இதை மியூசியத்துல கேளு" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடைக்காரரையும் சிரிக்கக் கூப்பிட்டார். கரோல் பாகில் மோட்டார் சைக்கிள் சாமான் கடைகள். அங்கே மிஷின் பெயர் என்ன, மாடல் நம்பர் என்ன என்று கேட்டார்கள். எனக்குப் பெயரும் தெரியாது, நம்பரும் தெரியாது. இங்கிலீஷ் எழுத்து எல்லாம் தேய்ந்து போயிருந்தது. தேயாமல் இருந்திருந்தாலும் நான் என்னத்தைப் படித்திருப்பேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மாயாபுரி. பழைய வண்டிகளை உடைத்துக் குவித்திருக்கும் இடம். வெயிலில் இரும்பு அடுப்பு மாதிரி கொதித்தது. ஒரு சர்தார்ஜியின் குவியலில், கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு துழாவினேன். மரம் அறுக்கும் மிஷின் ஒன்றும் இல்லை. தோட்டத்துக்கு மருந்தடிக்கும், முதுகில் மாட்டும் மிஷின் ஒன்று நசுங்கிக் கிடந்தது. அதன் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்த கார்புரேட்டர் என் கண்ணில் பட்டது. நாலு ஸ்குரூ, ஓரத்தில் சின்னப் பித்தளை மூக்கு. என் மிஷினில் இருப்பதன் உடன்பிறப்பு. அங்கேயே பிரித்தேன். உள்ளே ஜவ்வு வெற்றிலை மாதிரி மடிந்து கொடுத்தது.

"மதராசி, அது தண்ணி பம்பு இல்ல, மருந்தடிக்கிறது" என்றார் சர்தார்ஜி.

"தெரியும் ஜி. எனக்கு இதோட மூக்குதான் வேணும்" என்றேன்.

படித்தவனுக்குப் பெயர் தெரிந்தால்தான் சாமான் கிடைக்கும். எனக்கு உருவம் போதும். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை என் மனைவியும் தங்கை வீட்டில் சாப்பிடலாம் என்று கூடவே வந்தாள். சொசைட்டி வாசலில் திருவிழாக் கூட்டம். பால்கனிகளில் ஆட்கள், கையில் டீ. சகலை தொப்பி, கண்ணாடி, கையுறை எல்லாம் போட்டு விண்வெளிக்குப் போகிறவர் போல் நின்றார். புது மிஷினை அன்றைக்குத்தான் முதல் முறையாக வெளியே எடுத்திருந்தார்; கயிற்றை ஒரே ஒரு முறை இழுத்தார். மிஷின் ஸ்டார்ட் ஆகிவிட்டது. மேலே யாரோ கை தட்டினார்கள்.

நான் இழுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழாவதில் இருமியது. "அங்கிள், பேட்டரி போச்சா?" என்று பால்கனியிலிருந்து ஒரு குரல். பதினோராவது இழுப்பில் ஸ்டார்ட் ஆகி, பழைய பஸ் மாதிரி நீலப் புகையைக் கக்கியது. பெண்கள் புடவைத் தலைப்பால் மூக்கை மூடினார்கள்.

"இம்போர்ட்டட்னா இதான் சார். பாருங்க, புகையே இல்ல" என்று செக்ரட்டரி சகலையின் மிஷினைக் காட்டினார்.

நானும் பார்த்தேன். புகையே இல்லை. ஆயில் கலந்திருந்தால் மெல்லியதாகவாவது ஒரு நீலப் புகை வந்தாக வேண்டும். சகலை வெறும் பெட்ரோலில் ஓட்டிக்கொண்டிருந்தார்.

பத்தடி தூரம்தான். போய்த் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "நிறுத்துங்க சகல" என்றால் முடிந்தது. ஆனால் அவர் மிஷின் வெண்ணெயில் கத்தி போல் மரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. எல்லோர் கண்ணும் அங்கேதான். என் பக்கம் திரும்ப ஒரு நாய் கூட இல்லை. நான் குனிந்து என் கிளையை அறுத்தேன். காது மட்டும் அவர் பக்கமே இருந்தது. சத்தம் மெல்ல மெல்லக் கீச்சென்று ஏறியது. எனக்குத் தெரியும் அந்தச் சத்தம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உள்ளே ஒருவன் எண்ணிக்கொண்டிருந்தான். அவன் வேறு யாரும் இல்லை, நான்தான்.

சட்டென்று நின்றது. சகலை கயிற்றை இழுத்தார். கயிறு வரவே இல்லை. காலை ஊன்றி இழுத்தார். மிஷின்தான் மேலே வந்தது.

அதன்பின் அந்த மரம் முழுவதையும் நான் ஒருவனே அறுத்தேன். ஒரு மணிக்கு வாசல் சுத்தம். செக்ரட்டரி என் கையைப் பிடித்துக் குலுக்கி, "பழசு பழசுதான்யா. மரமெல்லாம் உங்களுதுதான்" என்றார். பால்கனிகளைப் பார்த்து வணக்கம் வைத்தேன். பொய் எதற்கு, அன்றைக்கு என் மனம் குளிர்ந்துதான் போயிருந்தது.

சகலை வீட்டில் சாப்பாடு. ஹாலில் செய்தித்தாளை விரித்து அதன் மேல் அந்த மிஷினை வைத்திருந்தார். நான் சைலன்சரைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தேன். பிஸ்டனின் பக்கத்தில் நகத்தால் பிறாண்டியது போல் கோடு கோடாக இருந்தது.

"ஆயில் கலக்கலியா சகல?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"புத்தகத்துல போட்டிருந்துச்சுண்ணே. நான்தான் விட்டுட்டேன்."

"ஏன்?"

"நீங்க பெட்ரோல்தான்னு சொன்னீங்களே" என்றார், எனக்குச் சாதம் தள்ளிக்கொண்டே. "புத்தகம் எழுதினவன் எங்கேயோ குளிர்ல உக்காந்து எழுதியிருப்பான். நீங்க டெல்லி வெயில்ல பத்து வருஷமா ஓட்டறவரு. நான் உங்க பேச்சைக் கேப்பனா, அவன் பேச்சைக் கேப்பனா? டிப்ளமா வாங்கினேனே ஒழிய, ஒரு ஸ்பானர் பிடிக்கத் தெரியுமாண்ணே எனக்கு?"

நான் தட்டில் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். என் மனைவிக்கு இது எதுவும் தெரியாது. ரசம் கொண்டு வந்தவள் தங்கையிடம் தன் பாட்டுக்குச் சொல்கிறாள்: "ஆயிலாடி? எங்க வீட்ல இருமல் மருந்து பாட்டில் ஒண்ணுக்கும் மூடி கிடையாது. ஆயில் அளக்கணும்னு எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுவாரு உங்க மாமா. சொட்டு கூடக் குறையக் கூடாதாம்."

சொல்லி முடித்ததும்தான் என் முகத்தைப் பார்த்தாள். கரண்டி அப்படியே நின்றது. சகலை என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், திட்டியிருக்கலாம். நான் அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். அவர் என் தட்டைப் பார்த்துவிட்டு, "அண்ணனுக்கு ரசம் ஊத்துங்க அண்ணி" என்றார்.

அந்த மிஷினை என் கடைக்குத் தூக்கி வந்தேன். புது மாடல் என்பதால் அதற்கு டெல்லியில் சாமானே கிடையாது. பழசுக்கும் கிடைக்காது, புதுசுக்கும் கிடைக்காது. அப்படி ஒரு ஊர் இது. சிலிண்டரில் ஒட்டியிருந்த அலுமினியத்தை உப்புத்தாளால் நாள் கணக்கில் தேய்த்து எடுத்தேன். கரோல் பாகில் ஒரு மொபெட் பிஸ்டன் ரிங் ஏறக்குறைய ஒத்து வந்தது. அரத்தை வைத்து அதன் முனைகளை மயிரிழை மயிரிழையாக இழைத்துச் சேர்த்தேன். தசரா வரை ஆனது. பெட்ரோல் கேனில் ஆயில் கலந்து, அளவு மறக்காமலிருக்க இருமல் மருந்து மூடி ஒன்றைக் கயிறு கட்டிக் கைப்பிடியில் தொங்கவிட்டேன். நடந்ததற்கு மன்னிப்பு என்று வாய் விட்டு நான் எதுவும் கேட்கவில்லை. எனக்கு அது வராது.

சகலை வந்தார். மூடியைப் பார்த்தார், சிரித்தார். கயிற்றை இழுத்தார். ஒரே இழுப்பு. இந்த முறை மெல்லிய நீலப் புகை வந்தது.

"நீங்க இழுங்கண்ணே" என்று மிஷினை நிறுத்தி என் கையில் கொடுத்தார். எனக்கும் ஒரே இழுப்புதான்.

அதற்குப் பிறகு எங்கே அதை எடுத்தாலும், பார்க்கிறவர்களிடம் எல்லாம், "எங்க அண்ணன் ஓட வெச்சது. டெல்லில வேற ஒருத்தனால ஆகாது" என்று சொல்வார். மாமனார் வீட்டில், அந்த மெத்தை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே சொல்வார். அவர் சொல்வது உண்மைதான், எவனாலும் ஆகாது. ஆனாலும் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மறுபடி வயிறு எரியும். அந்த மிஷின் மேல் இருந்த பொறாமை என்றைக்கோ போய்விட்டது; இது வேறு பொறாமை. இன்னொருவனைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை, அத்தனை சுலபமாக, என் வாயில் ஒரு நாளும் வந்ததில்லை.

என் மிஷினுக்கு இன்னும் பதினோரு இழுப்புதான்.