கிடங்கு போன்

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் காது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் பிழைத்திருந்தது.

உண்மையில் அவர் யார் பேச்சையும் கேட்பவரல்ல. தலைமை அலுவலகம், கிளைகள், வளாகத்தின் பின்புறக் கிடங்கு என்று நிறுவனத்தின் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் இருந்த இடத்திலெல்லாம் பக்கத்தில் சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும். எந்த போனிலிருந்து எந்த எண்ணுக்கு, எப்போது, எவ்வளவு நேரம் என்று அது குறித்துவைக்கும். காதின் கணினி நெட்வொர்க் வழியாக ஒவ்வொரு பெட்டியாகப் போய், சேர்ந்திருப்பதை வாங்கி வரும். குரல் மருந்துக்குக்கூட வராது.

இதைத் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிப் பார்த்துவிட்டார். யார் நம்புகிறார்கள்? அவர் தலை தெரிந்ததும் கணக்குப் பிரிவில் ரிசீவரைப் பொத்திக்கொண்டு, "அப்புறம் பேசறேன், வந்துட்டாரு" என்பார்கள். மச்சான் வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான். மாமியார் கண்ஜாடை காட்டுவார், கூடம் கப்சிப்பென்று ஆகிவிடும். "இனிமே எங்க அண்ணன் வீட்டுக்கு நான் மட்டும் போயிட்டு வரேங்க" என்று மனைவி தயங்கித் தயங்கிச் சொன்ன அன்றைக்கு அவருக்கு மனசு விட்டுப்போயிற்று. இந்த வேலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுவது என்று முடிவு கட்டினார்.

இந்தக் காது சமாச்சாரத்துக்கெல்லாம் மசியாதவர் கிடங்குக்காரர் ஒருவர்தான். மத்தியானம் காது டிபன் பாக்ஸோடு போனால், கட்டிக்கொடுத்த மகளிடம் போனில் பேசிக்கொண்டிருப்பார். பேரனின் வயிற்றுப்போக்கு, மருமகனின் முன்கோபம் எல்லாம் ஊருக்கே கேட்கும். பேச்சை நிறுத்தாமலே காலால் ஸ்டூலைத் தள்ளி, "உக்காரு மாப்ளே" என்பார். அந்த ஸ்டூல்தான் அந்த வளாகத்தில் காது நிம்மதியாக உட்கார்ந்த ஒரே இடம்.

புது வேலை போட்டிக் கம்பெனியில் அமைந்தது. வயர் இழுக்கும் வேலை மட்டும். யாருடைய கணக்கும் எடுக்க வேண்டாம். ஆனால் அங்கே பேசியாக வேண்டுமே. இங்கே காலையில் வாசலிலேயே கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டு மாலையில்தான் தருவார்கள். அதற்குள் போட்டிக் கம்பெனி ஆபீஸைப் பூட்டிவிடுவார்கள். மிஞ்சியது கிடங்கு போன். அங்கிருந்த பெட்டியின் நெட்வொர்க் வயரை எலி கடித்துப் போட்டிருந்தது. காது அதைச் சரிசெய்யாமல் விட்டுவைத்தார். கிடங்குக்காரர் லாரிக்குச் சரக்கு ஏற்றப் போகும் நேரம் பார்த்து எண்ணைச் சுழற்றுவார்.

வயர் அறுந்தாலும் பெட்டி குறித்துவைத்துக்கொண்டேதான் இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? கிளம்புகிற அன்றைக்கு அழித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். ஊர்க் கணக்கையெல்லாம் எடுக்கிறவருக்குத் தன் கணக்கில் அத்தனை மெத்தனம்.

"ஆர்டர் ரெடி. திங்கக்கிழமை வந்து வாங்கிக்குங்க" என்று அங்கே சொல்லிவிட்டார்கள். மனைவியிடம் சொன்னபோது அவள் அவருடைய நல்ல சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு வைத்தாள்.

வெள்ளிக்கிழமை கேமரா மாட்ட வந்த ஆள் மாடிப்படியில் எதிரே வந்து பல்லைக் காட்டினான். "அண்ணே, கிடங்குல உங்க பெட்டி வயரு அறுந்து கெடந்துச்சு. நானே புதுசா போட்டு விட்டுட்டேன்."

காது சீட்டுக்கு ஓடுவதற்குள் கிடங்குப் பெட்டி அத்தனை நாள் சேர்த்துவைத்ததைக் கொட்டித் தீர்த்திருந்தது. எது வந்தாலும் உடனே மேலாளருக்கு ஒரு நகல் போகும்படி அமைத்து, அதற்குப் பாராட்டும் வாங்கியவர் சாட்சாத் இவரேதான்.

கூப்பிட்டனுப்பினார்கள். மேலாளர் அறையில் கிடங்குக்காரர் நின்றுகொண்டிருந்தார். மேசையில் காகிதக் கட்டு. ஒரே எண்ணைச் சுற்றிச் சுற்றி மேலாளர் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்.

"போட்டிக் கம்பெனியில உனக்கு என்னய்யா பேச்சு?" என்று கிடங்குக்காரரைக் கேட்டார்.

"அந்த நம்பரே எனக்குத் தெரியாதுங்க."

"உன் போனு, உன் ரூமு. உன் பொண்ணுகிட்ட பேசினதும் வரிசையா இருக்கு பாரு. அதுவும் நீ இல்லையா?"

கிடங்குக்காரர் குனிந்து அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து காதைப் பார்த்தார்.

"நாளையிலேருந்து வர வேண்டாம்" என்றார் மேலாளர்.

காது வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். திங்கட்கிழமை வந்துவிடும். அப்படியே இருந்துவிடலாம் என்றுதான் அவருக்கு ஆசையாக இருந்தது, அதை மறைப்பானேன். ஆனால் கிடங்குக்காரர் சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மேசையில் வைக்கப் போனதும் தாங்கவில்லை.

"நான்தான் சார் பேசினேன். அங்க வேலை கேட்டு."

மேலாளர் கத்தவில்லை. கிடங்குக்காரரைப் போகச் சொல்லிவிட்டு, சிவப்பு வட்டம் போட்ட எண்ணுக்கே போன் போட்டார். "நம்ம ஆளு ஒருத்தர் அங்க வர்றதா இருந்தாராமே. விடறதுக்கில்லீங்க. நீங்க எங்க ஆளை எடுக்காதீங்க, நாங்களும் உங்க ஆளை எடுக்கல." அந்தப் பக்கம் எதற்கோ சிரித்தார்கள். இவரும் சிரித்துக்கொண்டே வைத்தார்.

"நீங்க போயிட்டா இதையெல்லாம் யாரு பாக்கறது? போங்க, வேலையைப் பாருங்க."

திட்டித் துரத்தியிருந்தால் காது எவ்வளவோ சந்தோஷப்பட்டிருப்பார். சீட்டுக்குத் திரும்பியபோது திரையில் புதிதாக ஒரு வரி ஏறியிருந்தது. மேலாளர் அறை போன், அதே எண், ஒரு நிமிடத்துக்கும் குறைவு. கண்ணில் நீர் முட்ட, அதையும் உரிய இடத்தில் சேர்த்தார்.

மத்தியானம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனார். போக வேறு இடம் இல்லை. கிடங்குக்காரர் வேலை தப்பிய செய்தியை மகளிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் நிழல் விழுந்ததும் திரும்பினார். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டார்.

"அப்புறம் பேசறேம்மா. வந்துட்டாரு."

போனை வைத்துவிட்டு எழுந்து நின்றார். குனிந்து, இரண்டு கையாலும் ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

"உக்காருங்க சார்" என்றார்.