கட்டைவிரல் தின்ற சொல்

பக்கத்து அறையிலிருந்து ‘டக்’ என்று சத்தம் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டுக் காது கொடுத்தாள். மறுபடியும் ‘டக்’. அவள் கணவனின் குரல்: “கீழ காத்து சரியா…” டக். வாக்கிடாக்கியின் பொத்தானை விட்ட பிறகுதான் அந்த “இல்ல” வந்தது.

பதினோரு நாளாக இதேதான்.

சூடான காற்றில் பறக்கும் பலூனை ஜீப்பில் துரத்திப் போவது அவன் வேலை. பலூனை ஓட்டுபவன் அவளுடைய தம்பி. கீழே காற்று எப்படி, கம்பி எங்கே, சுவர் எங்கே என்று இவன் சொல்லச் சொல்ல அவன் இறக்குவான். பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். அவள் கணவனோ, காலில் சுடுதண்ணீர் கொட்டியதுபோல் எப்போதும் அவசரப்படும் மனுஷன். வாய் முடிக்கும் முன்பே விரல் பொத்தானை விட்டுவிடும். வேலையிடத்தில் அவனுக்குப் பெயரே ‘முக்கால்’.

“மாமா பேச்சுல கால் பங்கு எப்பவும் ஜீப்லயே தங்கிடுதுக்கா” என்று தம்பி கிண்டல் செய்வான். அவளும் சிரித்தவள்தான். கல்யாணத்துக்கு முன்பு, “என் பொண்ணப் பிடிச்சிருக்கா?” என்று அவள் அப்பா கேட்டதற்கு, “பிடிக்கல…” என்று நிறுத்தி, அவர் முகம் செத்த பிறகு, “…னு எவன் சொல்வான்?” என்று முடித்தவனாயிற்றே!

பதினோரு நாளுக்கு முன்பு, அன்று காலை, தரையோரம் காற்று திடீரென்று எகிறியது. “மாமா, கீழ காத்து சரியா இருக்கா?” என்று மேலிருந்து தம்பி கேட்டான். இவன் சொன்ன பதிலில் “சரியா” மட்டும் மேலே போனது.

கூடை தரையில் மோதிச் சாய்ந்தது. பலூன் அதைப் புழுதியில் தறதறவென்று இழுத்துக்கொண்டு போய்க் கற்சுவரில் அடித்தது. அறுபதாவது பிறந்தநாளென்று ஆசை ஆசையாய் ஏறிய தையல்கார அம்மா அங்கேயே போய்ச் சேர்ந்தாள். தம்பிக்கு முதுகெலும்பு நொறுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

“சரியா இல்லன்னு சொன்னேன்” என்று விசாரணை அதிகாரியிடம் அன்றே கூறியிருந்தான் கணவன். பொய்யில்லை, சொல்லத்தான் செய்தான். ஆனால் எச்சரித்தும் தம்பி இறக்கினான் என்று எழுதிவிட்டால், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் அந்தப் பாவி ஜெயிலுக்குத்தான் போக வேண்டும்.

அழைப்பு மணி அடித்தது. அந்த வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்க அதிகாரியே வந்திருந்தார்.

“உட்கார நேரமில்லம்மா. ஒரு கையெழுத்துதான்.”

கணவன் வெளியே வந்தான். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். பேனாவை வாங்கிக்கொண்டான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சிவிடுவாள். தம்பிக்காகக் கெஞ்சுவதா, தாலி கட்டியவனுக்காகக் கெஞ்சுவதா?

“சார், தப்பு என் மச்சினன் மேல…” என்று நிறுத்தினான்.

“தெரியும். அதத்தான் எழுதியிருக்கோம். போடுங்க.”

பேனா காகிதத்தைத் தொட்டது.

“கொஞ்சம் இருங்க சார்!” என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. “அவர் இன்னும் முடிக்கல. அவருக்கு எப்பவும் ஒரு சொல்லு பாக்கி இருக்கும்.”

அவன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். கண் நிரம்பி வழிந்தது.

“இல்ல சார். அவன் மேல இல்ல” என்றான். “நான் சொன்னது நிஜம். ஆனா முடிக்கறதுக்குள்ள பொத்தானை விட்டுட்டேன். ‘இல்ல’ங்கறது மேல போகவே இல்ல. பாருங்க…” வாக்கிடாக்கியை எடுத்து அழுத்திக் காட்டினான். விரல் பழையபடி முந்திக்கொண்டது.

அதிகாரி அந்த விரலைப் பார்த்தார்.

“இத எழுதினா கேஸ் உங்க பக்கம் திரும்பும்.”

“எழுதுங்க சார்.”

புதுத் தாளில் எழுதினார். இந்த முறை அவசரப்படாமல் கையெழுத்துப் போட்டான். வாக்கிடாக்கியை உறையில் போட்டு ஒட்டிக்கொண்டு அதிகாரி கிளம்பினார்.

“காலையில ஆபீசுக்கு வந்துடுங்க. மாத்துத் துணி ரெண்டு எடுத்துக்குங்க.”

வாசலில் நின்று அவள் பக்கம் திரும்பினார். “உங்க தம்பிகிட்ட…” என்று ஏதோ தொடங்கியவர், முடிக்காமலே படியிறங்கிப் போனார்.

அவள் கதவைச் சாத்தினாள்.